கேபிளைக் கற்றுக்கொண்ட மேடை

மூன்று வருடம் நான் வேலை பார்த்தது ஒரு மேடையோடு. பேச்சாளர் ஏறும் மேடை இல்லை. கிரானைட் பலகை மேல் லீனியர் மோட்டாரில் முன்னும் பின்னும் ஓடும், உள்ளங்கை அகலத் தட்டு. 200 மில்லிமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். ஓடும்போது எந்தக் கணத்திலும், இருக்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது. தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் வரும்.

இடத்தை அளந்து மோட்டாரைத் திருத்தும் ஃபீட்பேக் கன்ட்ரோலர் பிழை வந்த பிறகுதான் விழிக்கும். நேற்று சறுக்கிய இடத்திலேயே இன்றும் சறுக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயந்திரம் போன சுற்றின் பிழையைப் பார்த்து அடுத்த சுற்றின் கட்டளையைத் திருத்திக்கொள்ளட்டுமே என்று 1984இல் ஜப்பானில் அரிமோட்டோவும் சகாக்களும் ரோபோக்களுக்காக எழுதினார்கள். இட்டரேட்டிவ் லேர்னிங் கன்ட்ரோல் என்று பெயர். கேட்டால் 'இவ்வளவுதானா' என்றிருக்கும்.

என் மேடையில் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில் 30 மைக்ரான் பிழை, எட்டாவதில் ஒன்றரை. சந்தோஷத்தில் அப்படியே ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மேடை கீச்சிட்டுக்கொண்டிருந்தது. மெதுவான அசைவுகளில் திருத்தம் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. வேகமான அதிர்வுகளிலோ மேடையின் பதில் பின்தங்குவதால், குறைக்கப் போன பிழையைத் திருத்தமே கூட்டுகிறது. சுற்றுக்குச் சுற்று சத்தமில்லாமல் வளர்ந்து, இருபதாவது சுற்றில் காதுக்கே கேட்கிறது. வேகமான அதிர்வுகளை வடிகட்டிவிடும் லோ பாஸ் ஃபில்டர் போட்டேன். அது சாதாரணமாகத் தாமதத்தைக் கொண்டுவரும். இங்கே போன சுற்று முழுவதும் பதிவில் இருக்கிறதே! அந்தப் பதிவின் மேல் ஃபில்டரை முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டினால் தாமதம் கழிந்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தந்திரம் இதுதான்.

அப்புறம்தான் மேடை கற்ற விசையை வரைந்து பார்த்தேன். காந்தங்களின் இடைவெளிக்கு ஒத்த சீரான அலை தெரிந்தது. மோட்டாரின் இரும்பைக் காந்தங்கள் இழுப்பதால் வருவது, எதிர்பார்த்ததுதான். அது இடத்தைப் பொறுத்தது என்பதால், தனியே அட்டவணையாக்கி வேறு தூரங்களுக்கும் பயன்படுத்த முடிந்தது. ஆனால் 140 மில்லிமீட்டரில் ஒரு புடைப்பு. தண்டவாளத்தில் குறை என்று மூன்று நாள் துடைத்தேன், அளந்தேன். டெக்னீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கேபிள் அங்கதான மடங்குது" என்றார்.

கேபிளை அவர் தளர்த்திக் கட்டியதும் நம்பிக்கையோடு ஓட்டினேன். அதே இடத்தில் பிழை, இந்த முறை எதிர்ப்பக்கம். இல்லாத தடையை மேடை இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. மறக்க அதற்கு ஐந்து சுற்றுகள் பிடித்தன. அன்றிலிருந்து, கற்ற கோப்பு ஒவ்வொன்றின் பெயரிலும் கேபிளைக் கடைசியாகக் கட்டிய தேதியையும் சேர்த்துவிடுகிறேன்.