அல்ஃப்ரெஸ்கோவை டாக்கர்ல ஓட்டுறவங்க ஆட்-ஆன் ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க

இப்ப எல்லாம் ஓடுது, அதை முதல்லயே சொல்லிடுறேன். ஆனா ஓட வைக்கிறதுக்குள்ள அந்த ஆட்-ஆன் வித்தவங்க படுத்தின பாடு இருக்கே, அந்தக் கடுப்பு இன்னும் அடங்கல.

எங்க ஆபீஸ் ஃபைலெல்லாம் வெச்சு நிர்வகிக்கிற சாஃப்ட்வேர் அல்ஃப்ரெஸ்கோ, அதோட கம்யூனிட்டி பதிப்பு ரொம்ப வருஷமா நேரா டாம்கேட்ங்கிற ஜாவா வெப் சர்வர்ல ஓடிட்டு இருந்துச்சு. சர்வர் மாத்தும்போது டாக்கர் கம்போஸுக்கு வந்தோம், அதாவது ஒவ்வொரு சர்வீஸும் ரெடிமேட் இமேஜ்ல இருந்து தனித்தனி கன்டெய்னரா ஓடும்; வெர்ஷன் அப்ப 7 வரிசைதான். கூட ஓட வேண்டிய போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), சோலர் (தேடல்), ஆக்டிவ்எம்க்யூ (மெசேஜ் கியூ) எல்லாம் சமத்தா எழும்பிடுச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. சிக்கல் ஆரம்பிச்சது தபால் பதிவு ஆட்-ஆன்ல. உள்ள வர்ற லெட்டருக்கு நம்பர் போட்டு, யாருக்குப் போகணும்னு குறிச்சு வைக்கும். காசு குடுத்து வாங்கினது. ரெண்டு ஆம்ப் ஃபைல் வரும் (ஆட்-ஆனை மூட்டை கட்டின ஃபைல், கோடு இருக்கிற ஜார் அதுக்குள்ள இருக்கும்), ஒண்ணு ஃபைலை வெச்சிருக்கிற சர்வர் பக்கமான ரெப்போவுக்கு, இன்னொண்ணு பிரவுசர்ல பார்க்கிற பக்கமான ஷேருக்கு.

கூட வந்த பிடிஎஃப்ல 'ஆம்ப்ஸ் ஃபோல்டரில் போட்டு அப்ளை ஆம்ப்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டவும்'னு இருக்கு. அது பழைய இன்ஸ்டாலர் காலத்து ஸ்கிரிப்ட், கன்டெய்னருக்குள்ள போய் தேடினா இல்லவே இல்ல. சப்போர்ட்டுக்கு போன் போட்டா ஒரு தம்பி எடுத்தார்.

"சார், ஜாரை டாக்கர் காப்பி குடுத்து உள்ள தள்ளிடுங்க, ரீஸ்டார்ட் குடுங்க, அவ்ளோதான் சார்."

"கன்டெய்னரை அழிச்சுட்டு மறுபடி ஏத்தினா போயிடாதா தம்பி?"

"அதெல்லாம் போகாது சார், நாங்க எல்லா கிளையன்ட்டுக்கும் இப்படித்தான் பண்றோம்."

போச்சு. ரீஸ்டார்ட்டுக்கு தாங்குச்சு, அது வாஸ்தவம். ஆனா இன்ஃப்ரா டீம் பேட்ச் போடுறதுக்காக கம்போஸ் டவுன் குடுத்து திரும்ப அப் குடுத்ததும் புது கன்டெய்னர் வந்துடுச்சு, உள்ள தள்ளின ஜார் பழைய கன்டெய்னரோட காலி. காலைல லாக்ல பார்த்தா முன்னாடி இன்ஸ்டால் ஆன மாட்யூலை, அதாவது ஆட்-ஆனைக் காணோம்னு ஒரே ஒரு வார்னிங், சர்வர் பாட்டுக்கு எழும்பி நிக்குது. ஆனா தபால் ஃபோல்டரைத் தொறந்தா எரர். ஏன்னா அந்த லெட்டருக்கெல்லாம் கன்டென்ட் டைப் அந்த ஜாருக்குள்ள இருக்கிற மாடல்லதான் (டைப்பை எல்லாம் விவரிக்கிற ஃபைல்) இருக்கு, ஜார் இல்லன்னா டிக்‌ஷனரில அந்த டைப்பே கிடையாது. ஃபைல் எல்லாம் கன்டெய்னருக்கு வெளிய இருக்கிற வால்யூம்ல பத்திரமா இருக்கு, டேட்டாபேஸும் இருக்கு, ஆனா தொறக்காது. இந்த நிலைமை வந்தா தயவுசெஞ்சு யாரும் அந்த ஃபோல்டரை அழிச்சு சரி பண்ணப் பார்க்காதீங்க, மாடல் திரும்ப வந்ததும் எல்லாம் தானா தொறக்கும். அன்னிக்கு பக்கத்து சீட்ல ஒருத்தர் டெலீட் பட்டன் வரைக்கும் போயிட்டார், கையப் புடிச்சு நிறுத்தினேன்.

மறுபடி போன். இந்தத் தடவ 'வால்யூம் மவுன்ட் பண்ணிடுங்க சார்'னு கம்போஸ்ல ஒட்டச் சொல்லி ஒரு துண்டு மெயில்ல வந்துச்சு. ஹோஸ்ட்ல இருக்கிற நம்ம ஃபோல்டரை, அல்ஃப்ரெஸ்கோவோட ஜார் எல்லாம் இருக்கிற வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டர் மேலயே மவுன்ட் பண்ணச் சொல்றாங்க, அதாவது கன்டெய்னருக்குள்ள அந்த இடத்துல நம்மளோடதைத் தெரிய வைக்கிறது. பண்ணினா நம்ம ஃபோல்டர் மட்டும்தான் அங்க தெரியும், இமேஜோட வந்த நூத்துக்கணக்கான ஜாரும் மறைஞ்சு போகும், அல்ஃப்ரெஸ்கோ எப்படி எழும்பும்? இதை எழுதி அனுப்பினதும் ஒரே ஒரு ஃபைலை மட்டும் மவுன்ட் பண்ற மாதிரி மாத்தி அனுப்பினாங்க. அதுல இன்னொரு கூத்து. மெயில்ல ஜார் பேரு 1.2, அவங்க அனுப்பின ஃபைல் 1.2.1. ஹோஸ்ட்ல அந்தப் பேர்ல ஃபைல் இல்லன்னா டாக்கர் எரர் குடுக்காது, அந்தப் பேர்லயே ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி அதை மவுன்ட் பண்ணிடும். லிஸ்ட் போட்டுப் பார்த்தா டாட் ஜார்னு முடியுற ஒரு டைரக்டரி உக்காந்திருக்கு! மவுன்ட் பண்ணியும் வேலை செய்யலன்னா முதல்ல அது ஃபைலா ஃபோல்டரான்னு பாருங்க, லாக்ல தேடி மண்டைய உடைக்காதீங்க.

இதுக்கு மேல அவங்களை நம்பிப் பிரயோஜனம் இல்லன்னு சொந்தமா இமேஜ் கட்டிட்டேன், சரியான வழியும் அதுதான். சின்ன டாக்கர்ஃபைல், அதாவது இமேஜ் கட்டுற குறிப்பு. ஃப்ரம் லைன்ல ரெப்போவோட கம்யூனிட்டி இமேஜ், டேக் கண்டிப்பா நம்பரா இருக்கணும், லேட்டஸ்ட்னு மட்டும் போட்டுடாதீங்க. அடுத்து யூசரை ரூட்டுக்கு மாத்தணும், ஏன்னா இமேஜ் அல்ஃப்ரெஸ்கோங்கிற யூசர்ல ஓடுது, அதுக்கு அங்க எழுத பெர்மிஷன் கிடையாது. ஆம்பை காப்பி பண்ணிட்டு, டாம்கேட் ஃபோல்டருக்குள்ளயே இருக்கிற அல்ஃப்ரெஸ்கோ எம்எம்டி ஜாரை (ஆம்பை ஏத்துற டூல்) இன்ஸ்டால்னு ஓட்டி, வெப்ஆப்ஸுக்குள்ள இருக்கிற அல்ஃப்ரெஸ்கோ ஃபோல்டரைக் காட்டணும். டைரக்டரி, நோபேக்கப், ஃபோர்ஸ் மூணு ஆப்ஷனும் சேர்த்துக்கோங்க. கடைசில யூசரை மறக்காம பழையபடி மாத்துங்க. ஆம்ப் இல்லாம வெறும் ஜாரா குடுத்திருந்தா எம்எம்டியே வேணாம், லிப்புக்குள்ள காப்பி பண்ணினா போதும்.

ஷேர் ஆம்புக்கு ஷேர் இமேஜ்ல தனி டாக்கர்ஃபைல், அங்க காட்ட வேண்டியது ஷேர் ஃபோல்டர். பிடிஎஃப்ல ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல போடச் சொல்லியிருந்துச்சு, கேட்காதீங்க. அப்புறம் கம்போஸ்ல இமேஜ் லைனுக்கு பதிலா பில்ட் லைன், அப் குடுக்கும்போது பில்ட் ஆப்ஷன். அதை விட்டா ஏற்கெனவே கட்டின பழைய இமேஜையே எடுத்து ஓட்டிட்டு இருக்கும். லாக்ல மாட்யூல்னு கிரெப் பண்ணுங்க, இத்தனை மாட்யூல் பேக்கேஜ் கிடைச்சுதுன்னு ஒரு வரி வரும், அதுல உங்க கணக்கு வந்தாதான் ஏறியிருக்குன்னு அர்த்தம்.

சொந்த இமேஜ் கட்டும்போதே வெர்ஷனையும் 23க்கு ஏத்தியிருந்தேன். எனக்கு கணக்கு வந்துச்சு, அப்புறமும் சர்வர் எழும்பல. லாக்ல எரர் விவரம் (ஸ்டாக் ட்ரேஸ்) பக்கம் பக்கமா ஓடுது. கீழ இருந்து மேல போய் கடைசி காஸ்ட் பை வரியப் பார்த்தா ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் கிளாஸைக் காணோம்னு இருக்கு. விஷயம் இதுதான்: 23.1ல இருந்து அல்ஃப்ரெஸ்கோ டாம்கேட் 10க்குப் போயிடுச்சு, அங்க ஜாவாஎக்ஸ் சர்வ்லெட் எல்லாம் ஜகார்த்தா சர்வ்லெட் ஆயிடுச்சு, 7 வரிசைக்குக் கட்டின ஆட்-ஆன் அப்படியே இங்க ஓடாது. இதைச் சொன்னா "உங்க டாக்கர் செட்டப்லதான் பிரச்சினை சார்"ங்கிறாங்க. ஸ்கிரீன்ஷாட், வரி நம்பர் எல்லாம் வெச்சு அனுப்பினப்புறம் "புது வெர்ஷன்ல வரும், அதுக்கு தனி ரேட்"னு பதில். எப்படி இருக்கு பாருங்க.

நம்மள காப்பாத்தினது அப்பாச்சி டாம்கேட் ஆளுங்க குடுக்கிற ஜகார்த்தா மைக்ரேஷன் டூல். ஆம்ப்னா வெறும் ஜிப்தான். விரிச்சு, லிப்புக்குள்ள இருந்த ஜாரை எடுத்து அந்த டூல்ல ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கி, திரும்ப ஜிப் பண்ணி ஆம்ப்னு பேர் வெச்சு பில்ட் பண்ணினேன். எழும்பிடுச்சு! தபால் ஃபோல்டர் தொறந்ததும் அந்த டெலீட் பட்டன் ஆசாமிதான் முதல்ல கை தட்டினார். எல்லா ஆட்-ஆனுக்கும் இது வேலை செய்யும்னு சொல்ல மாட்டேன், அல்ஃப்ரெஸ்கோ உள்ள உபயோகிக்கிற ஸ்ப்ரிங்ங்கிற ஜாவா ஃப்ரேம்வொர்க்கும் 6க்கு மாறியிருக்கு, அதுல இல்லாம போன எதையாவது உங்க ஆட்-ஆன் உபயோகிச்சா டூல் ஒண்ணும் பண்ண முடியாது, சோர்ஸ் வெச்சிருக்கிறவங்கதான் திருத்தணும்.

ஷேர்ல அந்த ஆட்-ஆனோட பட்டன் மட்டும் வராம இருந்துச்சு. அட்மினா லாகின் பண்ணி, ஷேர் பேஜ் மாட்யூல்ஸ் டிப்ளாய்ங்கிற அட்ரஸுக்குப் போனா மாட்யூல் லிஸ்ட் வரும், அங்க இடது பக்கத்துல இருந்து வலது பக்கத்துக்கு நகர்த்தி சேவ் பண்ணணும். ஆட்-ஆனோட எக்ஸ்எம்எல்ல ஆட்டோ டிப்ளாய் போட்டிருந்தா இந்த வேலை இல்ல, அவங்க போடல. லெட்டர் நம்பர் எந்த எழுத்துல ஆரம்பிக்கணும்ங்கிற செட்டிங்கை குளோபல் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல தேடாதீங்க, கம்போஸ்ல ஜாவா ஆப்ட்ஸ்ல மைனஸ் டி போட்டுக் குடுத்தா போதும்.

கட்டின ரெண்டு இமேஜையும் எங்க ரிஜிஸ்ட்ரில ஏத்தியாச்சு, இன்ஃப்ரா டீம் இப்ப எத்தனை தடவ டவுன் குடுத்தாலும் கவலை இல்ல. போன வாரம் ரென்யூவல் பில் வந்துச்சு, அதுல 'டாக்கர் சப்போர்ட்'னு தனியா ஒரு லைன் போட்டு காசு கேட்டிருக்காங்க. எதுக்குன்னு கேட்டு மெயில் போட்டிருக்கேன், பதிலைக் காணோம்.