வைசன்சேயில் துப்பறிவாளர்களின் தெரு

பெர்லினுக்குப் போகிற சினிமா ரசிகர்கள் நேராக பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவுக்குத்தான் ஓடுகிறார்கள். ஒரு மதியத்தை பெர்லினின் வடகிழக்குப் பகுதியான வைசன்சேக்கும் ஒதுக்குங்கள் என்பேன். அலெக்சாண்டர்பிளாட்ஸில் எம்2 டிராம் ஏறி ஓஸ்ட்சே தெரு நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்திலேயே காலிகாரி பிளாட்ஸ். 'டாக்டர் காலிகாரியின் அறை' என்ற மௌனப் படத்தின் பெயரில் ஒரு சதுக்கம்! அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோ, நடக்கிற தூரத்தில் இன்றைய லீபர்மான் தெருவில் இருந்தது.

ஆனால் நான் தேடிப் போனது காலிகாரியை அல்ல, அதே தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த இயக்குநர் ஜோ மேயை. 1914இல் அவரும் நடிகர் எர்ன்ஸ்ட் ரைஷரும் சேர்ந்து ஸ்டூவர்ட் வெப்ஸ் என்ற துப்பறிவாளரைத் திரைக்குக் கொண்டுவந்தார்கள், ஷெர்லாக் ஹோம்ஸ் சாயலில் ஓர் ஆங்கிலேயக் கனவான். அதே வருடம் ஆகஸ்டில் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டுவிட்டது. இருந்தும் வெப்ஸ் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, படங்களும் நிற்கவில்லை. இருவரும் பிரிந்த பிறகு ஜோ மே தனியாகத் தொடங்கிய துப்பறியும் தொடரின் நாயகனுக்கு என்ன பெயர் தெரியுமா? ஜோ டீப்ஸ்! எதிரி நாட்டுப் பெயர் கொண்ட ஒருவரை, அந்த நாட்டோடு சண்டை நடக்கும்போதே ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சேதி தந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1917இல் வந்த ஒரு ஜோ டீப்ஸ் படத்துக்குக் கதை எழுதியவர் ஃபிரிட்ஸ் லாங், அப்போது புதியவர். ஐந்தே வருடத்தில் 'டாக்டர் மபூஸ்' என்ற படத்தை இயக்கினார். வெப்ஸ் கதைகளில் மாறுவேடம் துப்பறிபவரின் கலை, மபூஸிலோ அது குற்றவாளியின் கைக்குப் போய்விடுகிறது. போரில் தோற்ற ஜெர்மனியின் பயம் முழுக்க அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது என்பேன்.

லீபர்மான் தெருவில் அந்தக் கண்ணாடிக் கூரை ஸ்டூடியோக்கள் இப்போது இல்லை. 1933இல் ஹிட்லர் வந்ததும் ஜோ மே நாட்டைவிட்டுப் போய் ஹாலிவுட் சேர்ந்தார், ரைஷர் பிராகில் 1936இல் இறந்தார். படங்களிலும் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன, அதுதான் மனதை அறுக்கிறது.

காலிகாரி பிளாட்ஸ் பக்கமே 1929இல் கட்டிய டெல்ஃபி தியேட்டர் நிற்கிறது, வெளியிலிருந்தாவது பாருங்கள். அப்புறம் மாலையில் ரோசா லுக்செம்பர்க் பிளாட்ஸில் இருக்கிற பாபிலோன் தியேட்டர். அதுவும் 1929தான், மௌனப் படத்துக்கு ஆர்கன் வாசிக்கிற அரங்கம். கிளம்பும் முன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள், துப்பறியும் படம் ஏதாவது போட்டிருந்தால் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.