கோமாவில் ஆள் குறைகிறது

மார்ச் 4
கேலக்ஸிகள் கொத்தாவது அகச்சிவப்பிலும் சாதாரண ஒளியிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க ஐராஸ் பட்டியலை இறக்கியாயிற்று. 1983-ல் பத்து மாதம் மட்டும் வேலை செய்த அகச்சிவப்புச் செயற்கைக்கோள் அது. 57 செ.மீ. தொலைநோக்கி, அதைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம். ஹீலியம் தீர்ந்ததும் கதை முடிந்தது. அதற்குள் வானத்தில் 96 சதவீதத்தைப் பார்த்துவிட்டது. 60 மைக்ரான் அலைநீளத்தில் பளிச்சென்று தெரிந்த சுமார் 15,000 கேலக்ஸிகளின் சிவப்புப் பெயர்ச்சியை (தூரத்தைக் கணிக்க உதவுவது) தொகுத்து 2000-ல் வெளியிட்டார்கள். பட்டியலின் பெயர் பிஎஸ்சிஇசட். வாயில் நுழையவில்லை.

மார்ச் 6
முதலில் கோமா என்கிற கேலக்ஸிக் கொத்து. சாதாரண ஒளிப் படத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் மொய்க்கிற இடம். ஐராஸ் புள்ளிகளைப் போட்டால் நடுப்பகுதி வெறிச்சென்று கிடக்கிறது! கோப்பு கெட்டுவிட்டதோ என்று மறுபடி இறக்கிப் பார்த்தேன். அதேதான்.

யோசித்தால் நியாயம்தான். 60 மைக்ரானில் தெரிவது விண்மீன் அல்ல, இளம் விண்மீன்கள் சூடேற்றிய தூசு. அது சுருள் கேலக்ஸிகளிடம்தான் நிறைய. கோமாவின் நடுவில் உட்கார்ந்திருப்பவை நீள்வட்டக் கேலக்ஸிகள்: வாயு, தூசு எல்லாம் தீர்ந்துபோன கிழடுகள். நெரிசலான இடத்தில் நீள்வட்டங்கள், ஒதுக்குப்புறத்தில் சுருள்கள் என்று வானியலாளர் டிரெஸ்லர் 1980-லேயே காட்டிவிட்டார்.

மார்ச் 10, ஞாயிறு
நாள் முழுக்க வீண். கொத்தாவதை அளக்க, கேலக்ஸி ஜோடிகளை எண்ணி, கண்டபடி தூவிய போலிப் புள்ளிகளின் ஜோடிகளோடு ஒப்பிட வேண்டும். எனக்கு எவ்வளவு தூரம் போனாலும் கொத்து குறையவே இல்லை. சாயங்காலம்தான் பிடிபட்டது: போலிப் புள்ளிகளை வானம் முழுக்கத் தூவியிருக்கிறேன். பட்டியலில் இருப்பதோ 84 சதவீதம். பால்வீதிப் பட்டையும், செயற்கைக்கோள் பார்க்காமல் விட்ட இரண்டு ஒல்லியான கீற்றுகளும் அதில் கிடையாது. ஆளே இல்லாத தெருவையும் சேர்த்துச் சராசரி போட்டால் மற்ற தெருவெல்லாம் திருவிழாவாகத்தான் தெரியும்.

மார்ச் 11
சரியாகிவிட்டது. பக்கத்தில் இன்னொரு கேலக்ஸி இருக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிற தூரம் எனக்கு 4 மெகாபார்செக்குக்குச் சற்று மேல் வருகிறது (ஒரு மெகாபார்செக் சுமார் 33 லட்சம் ஒளியாண்டு; பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி 100 என்று வைத்து). பழைய ஆய்வுகளிலும் ஐராஸுக்கு 4-ஐ ஒட்டித்தான். சாதாரண ஒளியில் 5-க்கு மேல்.

மார்ச் 14
அப்புறம் டூமாஸ் என்கிற வான அளவாய்வு. 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் தலா ஒரு 1.3 மீட்டர் தொலைநோக்கி வைத்து எடுத்தது. கோமா மறுபடி நிரம்பி வழிகிறது! இதுவும் அகச்சிவப்புதான், ஆனால் 2 மைக்ரான். இங்கே தெரிவது தூசு அல்ல, பழைய சிவப்பு விண்மீன்களின் ஒளி. கிழடுகளுக்குக் கொண்டாட்டம்.

நோட்டில் "அகச்சிவப்பு – ஒளி" என்று போட்டிருந்த தலைப்பை அடித்துவிட்டு "தூசு – விண்மீன்" என்று எழுதினேன். ஒளிப் பட்டியலில் சுருள்களை மட்டும் பிரித்து எண்ணினால் ஐராஸ் எண் வர வேண்டும். நிரலை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போகிறேன். மடிக்கணினி விசிறி சத்தத்தில் தூக்கம் வந்தால் சரி.