முடிவு தெரிந்த பிறகு

அக்டோபர் 11, 2024, வெள்ளி

ஆயுத பூஜை விடுமுறை. பூஜை முடிந்து பொரிகடலைக் கிண்ணத்தோடு அம்மா வந்து உட்கார்ந்ததும் 'அந்த நாள்' போட்டேன். எனக்கு நாலாவது தடவை. கதை நடப்பதும் ஒரு அக்டோபர் 11 தான், 1943ஆம் வருஷம். சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். படம் தொடங்கிய கையோடு சிவாஜி சுடப்பட்டு விழுகிறார்.

இன்னும் பார்க்காதவர்கள் இந்தத் தேதியைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. செத்துப்போனவன் ராஜன், ரேடியோ என்ஜினியர். சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் வீட்டில் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அவரவர் வேறு ஒருவரைக் கைகாட்டுகிறார்கள். முதல் தடவை நான் பேசுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் சொல்வது நிஜம், யார் மழுப்புகிறார்கள் என்று மனசு கணக்குப் போட்டபடியே இருந்தது. இன்று அந்தக் கணக்கு இல்லை. மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய் திரையில் நிற்கும்போதெல்லாம் அவர் முகத்தை மட்டும் பார்த்தேன். அந்தத் துக்கத்தில் துளி பொய் கிடையாது. கொன்றவளும் அவள்தான், புருஷனைப் பறிகொடுத்தவளும் அவள்தான். ஒரே முகத்தில் இரண்டும் இருக்கிறது. முடிவு தெரியாதவன் கண்ணுக்கு ஒன்றுதான் படும்.

குறைந்த விலையில் ரேடியோ செய்யலாம் என்று அலைந்து, யாரும் கைகொடுக்காததால்தான் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்லப் போகிறான். படம் முடிந்ததும் அம்மா சொன்னது: "அந்த ரேடியோவுக்கு ஒருத்தன் கைகொடுத்திருந்தா இந்தக் கொலையே நடந்திருக்காதுல்லடா." நாலு தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை. துரோகி என்ற சொல்லோடு நான் நின்றுவிட்டேன். அம்மா அதற்கு முந்தின வருஷங்களுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

'மகாராஜா', இரண்டாம் தடவை. ஜூனில் தியேட்டரில் பார்த்தபோது காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்து அடுக்கிய விதத்தில் அசந்துபோனேன். நித்திலன் சாமிநாதன் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று விஜய் சேதுபதி ஸ்டேஷனுக்கு வரும் காட்சிகளில் தியேட்டரே சிரித்தது. இன்று சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு அங்கே நிற்கிறார் என்று தெரிந்துவிட்டதே. அதுவரை படத்துக்கு வெற்றிதான். ஆனால் ஒரு சின்னப் பெண்ணுக்கு நேர்ந்ததை முடிச்சுப் போட்டு வைத்து, கடைசியில் அவிழ்த்துக் காட்டியது உறுத்துகிறது. மூன்றாம் தடவை பார்ப்பேனா, தெரியாது.

அக்டோபர் 17, வியாழன்

மலையாள 'திருஷ்யம்' (2013) பாதிவரை பார்த்தேன். குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு கொலையை மறைக்கும் மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி பெரிய பொய்யர் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். உற்றுப் பார்த்தால் சாட்சி சொல்லும் ஹோட்டல்காரரோ பஸ் கண்டக்டரோ யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தை அவர்கள் நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். தேதி மட்டும்தான் மாற்றி நடப்பட்டது. ஆகஸ்ட் 2 என்று மனசார நம்பிச் சொல்கிறார்கள். கேபிள் டி.வி. நடத்தும் ஒருவன் படம் பார்த்தே கற்றுக்கொண்ட வித்தை அது: ஒரு காட்சியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டுவது. எடிட்டிங் மேஜை வேலை. மின்சாரம் போய்விட்டது, மீதி நாளைக்கு.

அக்டோபர் 23, புதன்

தேதி பார்த்துத்தான் எடுத்தேன். தென்கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) தொடங்குவது 1986 அக்டோபர் 23 அன்று. அறுப்புக்குக் காத்திருக்கும் வயல், ஓரத்தில் மூடிய வாய்க்கால், அதற்குள் ஒரு பெண்ணின் உடல். தென்கொரியாவின் ஹ்வாசோங்கில் 1986 முதல் 1991 வரை நடந்த தொடர்கொலைகள்தான் மூலம்.

இரண்டாவது உடல் கிடக்கும் இடத்தில் ஒரு காட்சி. வெட்டே இல்லாமல் நீள்கிறது. மண்பாதையில் கொலைகாரனின் காலடித்தடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறார் துப்பறிவாளராக வரும் சோங் காங் ஹோ. பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். வருகிற அதிகாரியெல்லாம் மேட்டிலிருந்து சறுக்கி விழுகிறார். ஒரு டிராக்டர் வருகிறது. அவர் கத்துகிறார், ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை. சக்கரம் தடத்தின் மேல் ஏறிப் போய்விடுகிறது. முன்பு விழுந்து விழுந்து சிரித்த இடம். இன்று அந்த டிராக்டர் தூரத்தில் வரும்போதே வயிற்றைப் பிசைந்தது.

முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்கிற கிராமத்து போலீஸ். காகிதம் பொய் சொல்லாது என்கிற சியோல் போலீஸ். கடைசியில் கொட்டும் மழையில், சுரங்கப் பாதை வாசலில், அமெரிக்காவிலிருந்து வந்த டி.என்.ஏ. அறிக்கை கைவிரித்ததும், காகிதத்தை நம்பியவர் துப்பாக்கியை நீட்டுகிறார். முகத்தை நம்பியவர் சந்தேக ஆளின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்கிறார். இருவரும் இடம் மாறிவிட்டார்கள். ஆளைத்தான் பிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 24, வியாழன்

ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. படம் வந்து 16 வருஷம் கழித்து, 2019இல், டி.என்.ஏ. மூலம் ஆள் தெரிந்துவிட்டது. லீ சுன் ஜே. மைத்துனியைக் கொன்ற வழக்கில் ஏற்கனவே ஆயுள் தண்டனைக் கைதி. ஹ்வாசோங் கொலைகளுக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு 2006இலேயே முடிந்திருந்தது. எட்டாவது கொலைக்கு வேறொருவர் கிட்டத்தட்ட 20 வருஷம் ஜெயிலில் இருந்தார். நிரபராதி என்று கோர்ட்டு சொன்னது 2020 டிசம்பரில்.

கடைசிக் காட்சியில், வேலையை விட்டு வியாபாரியாகிவிட்ட சோங் காங் ஹோ அதே வாய்க்காலுக்குத் திரும்ப வருகிறார். கொஞ்ச நாள் முன்பு ஒருவன் வந்து இதே மாதிரி எட்டிப் பார்த்தான் என்கிறாள் ஒரு சிறுமி. எப்படி இருந்தான்? சாதாரணமாகத்தான் இருந்தான். சோங் காங் ஹோ திரும்பி நேராகத் திரையிலிருந்து நம்மைப் பார்க்கிறார். கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தே இயக்குநர் வைத்த பார்வை அது. அவனும் படத்தைப் பார்த்திருக்கிறான், சிறையில். வெறும் படமாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020இல் கோர்ட்டில் சொன்னான்.

அந்தப் பார்வை அவனிடம் போய்ச் சேரவில்லை. என்னிடம் சேர்ந்தது. காலையில் மறுபடி அந்த இடத்துக்கு வந்து படத்தை நிறுத்தி வைத்திருந்தேன். காபி டம்ளரோடு அம்மா உள்ளே வந்தார்.

"யாருடா இது, நம்மளையே பாத்துட்டிருக்கான்?"

சொன்னேன். முழுக்கவே சொல்லிவிட்டேன், முடிவு உட்பட. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதல்லேருந்து போடு."