பழைய மியாட்டாவுக்கு 1.8 மாடலின் பின் பிரேக்

1990–93 மாஸ்டா மியாட்டா காரின் 1.6 லிட்டர் மாடலில் பின் பிரேக் டிஸ்க்கின் விட்டம் 231 மி.மீ.; 1994-இல் வந்த 1.8 லிட்டர் மாடலில் 251. 1.8-இன் பெரிய டிஸ்க் இரண்டு, காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) பிராக்கெட் இரண்டு, அதற்கான பின் பேட் செட் ஒன்று வாங்கினால் போதும். பழைய காலிப்பரே உட்காரும், பிரேக் எண்ணெய் ஹோஸைக் கழற்ற வேண்டாம். டிஸ்க்கின் பின்னால் உள்ள டஸ்ட் ஷீல்டு (தூசித் தகடு) உரசினால் விளிம்பை மடக்கிவிடுங்கள்.

பலர் சொதப்புவது, பேட்டைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே அனுப்புவதில்தான். சி-கிளாம்ப் போட்டு அமுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் திருகு கெட்டுப்போகும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, காலிப்பரின் பின்னால் உள்ள மூடி போல்ட்டைக் கழற்றி, உள்ளே 4 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டு இடப்பக்கமாகத் திருப்பினால் பிஸ்டன் உள்ளே போகும். மாட்டியபின் வலப்பக்கமாக, பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்வரை திருப்பி, மூன்றில் ஒரு சுற்று தளர்த்துங்கள். சக்கரம் கையாலேயே சுழல வேண்டும்.

முன்பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள், தயவுசெய்து. பின்னால் மட்டும் பெரிதாக்கினால், ஈரச் சாலையில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.