போன அரையாண்டில் இருந்த கூரை

"அப்படியானால் அந்தக் கூரை இந்த அரையாண்டு வரைக்கும் இருக்கிறது, அடுத்த அரையாண்டிலிருந்து இல்லை. அப்படித்தானே சார்?" என்று டீச்சர் கேட்டார். மக்கள் நீதிமன்ற அமர்வில் நீதிபதிக்குப் பக்கத்தில் உறுப்பினராக உட்கார்ந்திருந்த நான், "அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர்" என்றேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விவகாரம் சின்னது, டீச்சர் வீட்டுச் சொத்து வரி. வீடு 1,690 சதுர அடி. மொட்டை மாடியில் துணி உலர்த்துவதற்காக நான்கு இரும்புக் குழாய்களை நட்டு மேலே தகரம் போட்டிருந்தார், சுவர் கிடையாது. நகராட்சி அதையும் 12-க்கு 12 என்று சேர்த்ததில் மொத்தம் 1,834 ஆகிவிட்டது. 2022 சொத்து வரி உயர்வில், சென்னைக்கு வெளியே 1,201 முதல் 1,800 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 75 சதவீதம், அதைத் தாண்டினால் 100 சதவீதம். 34 சதுர அடி அதிகம் என்பதற்காக முழு வீட்டுக்கும் மேல்தட்டு வரி.

கோப்பிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். வீடு பென்சிலில், கொட்டகை மட்டும் பேனாவில். 12 என்பதில் உள்ள 2, ஒரு சுழியத்தின் மேல் எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. 10-க்கு 10 என்றால் மொத்தமே 1,790தான். கொட்டகையைச் சேர்த்தாலும் வழக்குக்கே இடமில்லை. ஆனால் மை பரவியும் இருக்கலாம். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. சாட்சியம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் மக்கள் நீதிமன்றத்துக்குக் கிடையாது. இருதரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அந்தச் சுழியத்தைக் காட்டியிருந்தால் வருவாய் ஆய்வாளர் விறைத்துக்கொண்டிருப்பார், பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். இதை நான் இப்போதும் நம்புகிறேன். நம்பினாலும், டேப்பைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும் ஒன்றை நாங்கள் அரை நாள் பேசித் தீர்த்தோம் என்பது உறுத்துகிறது.

நகராட்சி வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். அடுத்த அரையாண்டு முதல் கொட்டகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம், பழைய நிலுவையை மட்டும் போட்டபடியே கட்டிவிடட்டும் என்றார். கட்டச் சொல்லி ஏற்கெனவே எழுப்பிய கேட்புத் தொகையைக் குறைத்தால் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபம் வரும், அதற்கு யார் பதில் எழுதுவது என்பது அவர்கள் கவலை. பொய்க் கவலை அல்ல. உள்ளாட்சி அலுவலகத்தில் தணிக்கைத் தடையோடு ஓய்வு பெறப் போனவர்களின் பாடு எனக்குத் தெரியும். அப்போதுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் பெற்ற சமரசப் பயிற்சி 40 மணி நேரம். யார் சொல்வது சரி என்று பார்க்காதே, யாருக்கு எது தேவை என்று பார் என்பதுதான் அதன் சாரம். பாகப்பிரிவினையில் அது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வரி இரண்டு பேர் விஷயமா? 2023 சமரசச் சட்டத்தின் முதல் அட்டவணை வரி தொடர்பான தகராறுகளை விலக்கி வைத்திருப்பதைப் படித்தபோது, அதிகாரிகளின் வழக்கமான பயம் என்று சிரித்தவன் நான். மக்கள் நீதிமன்றம் 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த விலக்கு எங்களைத் தொடாது. சட்டப்படி எல்லாம் சரிதான். ஆனாலும் பரப்பளவைப் பேரம் பேசி முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரரிடம் அதை என்னவென்று சொல்வது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேல்முறையீட்டு மனுவுக்குப் பதிலே வராததால்தான் டீச்சர் முன்சீப் கோர்ட்டுக்கு வந்திருந்தார். வழக்கு தொடர்ந்தால் அளந்து பார்க்க ஒரு கோர்ட் கமிஷனர் நியமனம், ஆட்சேபணை, வாய்தா, பிறகு அப்பீல். சமரசத்தில் முடித்ததால் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைத்தது, அப்பீல் பயமும் இல்லை. நியாயம் பேசி அந்த வயதில் அவரைப் படியேற வைக்க நான் யார்? கையெழுத்துப் போடும்போது அவர் முகத்தில் நிம்மதி இருந்தது என்று அப்போது நினைத்தேன். அலுப்பாகவும் இருந்திருக்கலாம். அப்பீல் இல்லை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: அந்தச் சுழியத்தை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

சில மாதங்கள் கழித்து அதே தெருக்காரர் ஒருவர் டீச்சர் வழக்கின் உத்தரவு நகலோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் மாடியிலும் தகரக் கூரை. இது கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும், உங்களுக்கு உதவாது என்றேன். உங்கள் முன்னிலையில் மறு அளவை செய்யச் சொல்லி முதலில் மனுக் கொடுங்கள் என்று ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

"அளந்து கூடுதலாக வந்துவிட்டால்?" என்றார்.

"வந்தால் கட்டத்தான் வேண்டும்" என்றேன்.

மனுவை மேசையிலேயே வைத்துவிட்டு, அடுத்த மக்கள் நீதிமன்றம் எந்தத் தேதியில் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.