பெட்ரோல் மோட்டார் போச்சா? டேங்கை இறக்கும் முன் ஒரு ஹெட்லைட் பல்பு

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. 2006 மாடல் கார், 796 சிசி, மூன்று சிலிண்டர், எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்). பெயர் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்கு இரண்டு நிற்கும். சாவியை ஆன் செய்ததும், டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் மோட்டார் பின்பக்கம் இரண்டு மூன்று வினாடி போட வேண்டிய 'உய்ய்ங்' சத்தம் சுத்தமாக இல்லை. பார்க்க வந்த மெக்கானிக் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்தார். "மோட்டார் போச்சு சார், டேங்கை இறக்கி அசெம்பிளியோட மாத்திடலாம்" என்று இரண்டே நிமிடத்தில் தீர்ப்பு.

மோட்டார் போனது உண்மைதான். ஆனால் அன்றைக்கே புதுசு போட்டிருந்தால் அதற்கும் 7 வோல்ட்தான் கிடைத்திருக்கும், வண்டி மேடு ஏறியிருக்காது. அதைக் கண்டுபிடித்த பிறகும், பழைய மோட்டார் ஒன்றை வாங்கி ஏமாந்ததில், டேங்கை ஒரு முறை இறக்க வேண்டிய வேலை இரண்டு முறை ஆனது.

ஸ்பார்க் இருந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் வாயில் கார்ப் க்ளீனரை (எளிதில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரே) இரண்டு வினாடி அடித்துவிட்டு செல்ஃப் போட்டால், இன்ஜின் பிடித்து மூன்று வினாடி ஓடி அணைந்தது. பெட்ரோல்தான் வரவில்லை என்பது உறுதி. (செல்ஃப் சுற்றும்போதே அடிக்காதீர்கள். பேக் ஃபயர் ஆனால் புருவம் போகும்.)

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த தட்டல் வைத்தியம். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டேங்கின் அடிவயிற்றில் ரப்பர் சுத்தியலால் நான்கு தட்டு. மோட்டார் 'உய்ங்' என்றது, வண்டியும் ஓடியது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரில் தட்டும் அதிர்வில் பிரஷ், கம்யூட்டேட்டரை (சுழலும் பகுதிக்குக் கரண்ட் வாங்கும் செப்புப் பட்டைகள்) தொட்டுவிடும், அதனால்தான் இந்த வைத்தியம் பலிக்கிறது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. தட்டும்போது அங்கே இருக்கும் வயரும் கப்ளரும் (வயர்களை இணைக்கும் பிளக்) சேர்ந்தேதான் ஆடுகின்றன. லூஸ் கனெக்‌ஷனும் இதே போல 'குணமாகும்'. ஆகவே தட்டி ஓடினால் கோளாறு டேங்க் பக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம், மோட்டார்தான் என்று முடிவு கட்ட முடியாது. தட்டி ஓட வைத்த வண்டியை நம்பி வெளியே எடுத்தது தனி முட்டாள்தனம். சென்னையில் பாடி என்ற இடத்து மேம்பாலம் ஏறும்போது நின்றது.

ஒலியை வைத்து இன்னொன்றும் சொல்லலாம். சாவி ஆன் செய்ததும் சத்தம் வந்து நின்று, செல்ஃப் அடிக்கும்போது திரும்ப வராவிட்டால் மோட்டாரைத் தொடாதீர்கள். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிடைத்தால்தான் ஈ.சி.யூ. (இன்ஜினை நிர்வகிக்கும் கணினி), மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயைத் தொடர்ந்து பிடித்து வைக்கும். கிராங்க் அல்லது கேம் பொசிஷன் சென்சரில் தேடுங்கள்.

ஃப்யூஸ் எரியவில்லை. ஆனால் பெட்டி மூடியில் 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க, உள்ளே இருந்தது பச்சை நிற 30. யாரோ எப்போதோ 15 எரிந்ததும் காரணம் தேடாமல் பெரியதாகச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஃப்யூஸ் எரியாது, வயர்தான் எரியும். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ரிலேயை அதே நம்பர் கொண்ட ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்த்தால் போதும். அதைச் செய்யாமல் புது ரிலே வாங்கிய காசு வீண்.

இப்போது மல்டிமீட்டர். பின்சீட்டைத் தூக்கினால் மோட்டார் கப்ளர் கிடைக்கும். அதிலேயே பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கான வயர்களும் வரும், அவை மெல்லியவை. தடித்த இரண்டுதான் மோட்டாருக்கு. கப்ளரைப் பிரித்து, சாவியை ஆன் செய்தால் மீட்டர் 12.3 வோல்ட் காட்டியது, இரண்டு வினாடியில் மறைந்தது. 'கரண்ட் சரியாக வருகிறது, மோட்டார்தான் போச்சு' என்று எழுதி வைத்த தப்பு இந்த இடத்தில்தான் நடந்தது. மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. ஒரு வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். மோட்டார் நான்கு ஐந்து ஆம்பியர் இழுக்கும்போது அந்த இழை தாங்குமா என்பதுதான் கேள்வி, அதற்கு மீட்டரிடம் மட்டும் பதில் கிடையாது.

சுமை வேண்டும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, 55 வாட் இழை. 12 வோல்ட்டில் ஏறக்குறைய நாலரை ஆம்பியர் இழுக்கும், சின்ன கார் மோட்டாருக்கு நல்ல மாற்று. கப்ளரிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயரை இரண்டு மீட்டர் இழுத்து, பல்பை வண்டிக்கு வெளியே வைக்க வேண்டும், பெட்ரோல் வாடை வரும் இடத்தில் வேண்டாம். ரிலேயைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87 எண் துளைகளை 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்த வயரால் இணைத்துவிட்டால் இரண்டு வினாடி அவசரம் இல்லாமல் நிதானமாக அளக்கலாம்.

பல்பு மஞ்சளாக மினுங்கியது. பல்பின் இரு முனைக்கும் நடுவே 7.4 வோல்ட். பேட்டரியில் அதே நேரம் 12.2. வழியில் 4.8 வோல்ட் காணோம்.

எங்கே போனது என்று பார்க்க மீட்டரை வயரோடு நெடுக வைக்க வேண்டும். பல்பு எரியும்போதே பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் நடுவே 0.2. எர்த் சரி, கால் வோல்ட் வரை பரவாயில்லை. பேட்டரி ப்ளஸ்ஸுக்கும் பல்பின் ப்ளஸ் முனைக்கும் நடுவே 4.6. இந்தப் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டினாலே வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஃப்யூஸ் வரை 0.2, ரிலே தாண்டி 0.4. மீதி முழுக்க ரிலேக்கும் பின்சீட்டுக்கும் நடுவில்.

கார்பெட்டைத் தூக்கியதும் குட்டு வெளிப்பட்டது. டிரைவர் சீட்டுக்கு அடியில் திருட்டைத் தடுக்க ஒளித்து வைத்த ஒரு சுவிட்ச்! முந்தைய ஓனர் காலத்தில் யாரோ மோட்டார் வயரை வெட்டி, அரைகுறை வயரில் நீட்டி, முறுக்கி டேப் சுற்றிவிட்ட 'பெட்ரோல் கட்-ஆஃப்'. முறுக்கிய இடம் பச்சை பூத்திருந்தது, ஒரு பக்க இன்சுலேஷன் பொரிந்து கறுத்திருந்தது. 30 ஆம்பியர் ஃப்யூஸ் புண்ணியம். பழைய வண்டி வாங்கியவர்கள் மோட்டார் சந்தேகம் வந்தால் முதலில் சீட்டுக்கு அடியிலும் ஸ்டியரிங்குக்குக் கீழேயும் கையை விட்டுத் துழாவுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் இப்படி ஒரு சுவிட்ச் இருக்கலாம்.

சுவிட்சை எறிந்து, வெட்டிய இடத்தில் 1.5 சதுர மி.மீ. வயர் போட்டு, க்ரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி, 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டதும் ப்ளஸ் பக்க இழப்பு 0.4. பல்பு வெள்ளையாக எரிந்தது. மோட்டாரை இணைத்தால்... மௌனம். மோட்டார் முனைகளில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் ஓப்பன், அதாவது உள்ளே இணைப்பே இல்லை. டேங்கைத் தட்டினால் ஒரு ஓம் சொச்சம் காட்டி மறுபடி ஓப்பன். இப்போதுதான் 'மோட்டார் போச்சு' என்று சொல்லும் உரிமை வருகிறது. பெட்ரோல் அந்த மோட்டாருக்குள் புகுந்துதான் வெளியே போகிறது, அதைக் குளிர வைப்பதும் அதுதான். 7 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றினால் ஓட்டமும் குறையும், குளிர்ச்சியும் குறையும். எப்போதும் ரிசர்வில் ஓட்டுவதும் இதே கேடுதான்.

டேங்க் இறக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சில எச்சரிக்கைகள் தவிர. நிறைந்த 35 லிட்டர் என்றால் பெட்ரோல் மட்டுமே 26 கிலோ, முதலில் உலோக கேனில் இறக்குங்கள், வாட்டர் கேன் ஆகாது. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். மூடிய ஷெட் வேண்டாம், வாசலில் விளக்கேற்றும் நேரமும் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். ஓஸ்களை இழுக்கும் முன் முறுக்கி விடுங்கள், நேராக இழுத்தால் துருப்பிடித்த குழாய் வளையும். போகும் ஓஸ், திரும்பும் ஓஸ் இரண்டுக்கும் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். மோட்டார் தொங்கும் மூடித் தட்டைக் கழற்றும் முன் மேலே உள்ள மண்ணை பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் டேங்குக்குள்.

முதல் முறை போட்டது சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய அசெம்பிளி (மோட்டார், தட்டு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை சேர்ந்த செட்). கடைக்காரர் பேட்டரியில் தொட்டுக் காட்டினார், அருமையாகச் சுற்றியது. காற்றில் எந்த மோட்டாரும் சுற்றும். பெட்ரோல் இல்லாமல் சுற்ற வைப்பதே அதற்குக் கெடுதல். மாட்டினேன், ஸ்டார்ட் ஆனது, ஐடிலிங் ஜோர். மூன்றாவது கியரில் மேடு வந்ததும் திணறல்.

பிரஷர் கேஜை அப்போதுதான் கடன் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும். மோட்டார் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானே அணையும் வரை ஓட்டி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, துணி சுற்றி ஓஸைக் கழற்ற வேண்டும். நேராகக் கழற்றினால் கண்ணில் பீய்ச்சும். கேஜை டி வடிவ இணைப்பு போட்டு மாட்டினால், இந்த வண்டிக்கு இன்ஜின் நின்று மோட்டார் மட்டும் ஓடும்போது சதுர செ.மீ.க்கு 2.7 முதல் 3.1 கிலோ பிரஷர் வரவேண்டும். வந்தது 1.5. டேங்குக்குத் திரும்பும் ஓஸை மெதுவாக நசுக்கும்போது பிரஷர் ஏறினால் ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு) கோளாறு. ஏறவில்லை. வோல்ட்டேஜ் சரி, ஃபில்டர் புதுசு. ஆக மோட்டாரே தேய்ந்தது. கடையில் "எலக்ட்ரிக்கல் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாது".

மறு ஞாயிறு மறுபடி டேங்க். இம்முறை புது மோட்டார் மட்டும், அசல் தட்டு, அசல் மிதவை. மோட்டாரை மட்டும் வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள்: நீளம், விட்டம், வெளிவாய் இருக்கும் இடம், பின் அமைப்பு நான்கும் பொருந்த வேண்டும். ஸ்ட்ரெய்னர் வலை புதுசு கட்டாயம். பழையது காப்பித் தூள் வடிகட்டி மாதிரி இருந்தது. ஓ ரிங்கும் புதுசு.

டேங்குக்குள் மோட்டாரையும் தட்டையும் இணைக்கும் அந்த விரல் நீள ஓஸில்தான் பலர் கவிழ்கிறார்கள். கடையில் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஓஸ் பெட்ரோலை உள்ளே மட்டும்தான் தாங்கும். வெளிப்புறமும் மூழ்கிக் கிடந்தால் ஊறி வெடிக்கும், பிரஷர் டேங்குக்குள்ளேயே கசிந்துவிடும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10' என்ற தரக் குறியீடு அச்சிட்டது கேளுங்கள், ஆர்9 கூட மூழ்க வைக்க ஆகாது. 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இந்தக் காலத்தில் பழைய ரப்பருக்கு இன்னும் சோதனை. உள்ளே இன்சுலேஷன் டேப் சுற்றவே கூடாது, பசை கரைந்து நேராக வலைக்குப் போகும்.

பத்து லிட்டர் ஊற்றி, சாவியை மூன்று முறை ஆன்-ஆஃப் செய்து பிரஷர் ஏற்றிய பிறகு செல்ஃப். கேஜ் 2.9. அணைத்து ஒரு நிமிடம் கழித்து 2.5. இது 2-க்குக் கீழே சரிந்தால் மோட்டாரின் செக் வால்வையோ (பெட்ரோல் திரும்பி வராமல் தடுப்பது) கசியும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும், காலையில் வண்டி இரண்டாவது செல்ஃபில்தான் பிடிக்கும். பாடி மேம்பாலம் நான்காவது கியரில் ஏறியது.

தட்டை உள்ளே விடும்போது மிதவைக் கம்பி டேங்க் விளிம்பில் இடித்து லேசாக வளைந்துவிட்டது. பத்து லிட்டருக்கு முள் முக்கால் காட்டுகிறது. மூன்றாவது முறை டேங்கை இறக்கும் தெம்பு வரும் வரை ட்ரிப் மீட்டர் பார்த்துத்தான் பெட்ரோல்.